பட்டா யார் பேரில் இருக்கிறது?

2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. ஐப்பசி கடைசி நாள். அம்மா காவிரியில் கடைமுழுக்கு ஆட மயிலாடுதுறை போயிருந்தார். வீட்டில் சத்தம் இல்லை, கரண்டும் இருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று ஒரு விளக்குக் கடையின் வெப்சைட்டைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து புது விபிஎஸ்ஸுக்கு, அதாவது நாமே நிர்வகிக்கும் வாடகை சர்வருக்கு, மாற்ற உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்கு முடிந்துவிடும் என்று கணக்கு. முடிந்தது டிசம்பர் 1-ஆம் தேதி.

நான் இருப்பது கும்பகோணம். கடை நாச்சியார்கோயிலில், திருவாரூர் போகிற ரோட்டில். அன்னம் வைத்த குத்துவிளக்குதான் அங்கே பிரதானம். கார்த்திகை வந்தால் வெளியூர் ஆர்டர் எல்லாம் வெப்சைட் வழியாகத்தான் வரும். அந்த வருஷம் தீபம் டிசம்பர் 13. அதற்கு நாலு வாரம் முன்னால் சர்வரை மாற்றுகிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் பழைய ஹோஸ்டிங்கின் வருஷக் கெடு அந்த மாதம் முடிந்தது. புதுப்பிக்கக் கேட்ட தொகைக்கு ஒரு விபிஎஸ் எடுத்து என்னிடம் இருக்கும் நாலு தளத்தையும் அதிலேயே வைத்துவிடலாம்.

ஃபைல்களை எடுக்க ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை போதும். புது சர்வரில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, உட்கார்ந்துகொண்டு, பழைய சர்வரில் இருந்ததை எல்லாம் 'ஏ' சுவிட்ச் போட்டு அப்படியே இழுத்தேன். டேட்டாபேஸும் வந்தது. தளத்தின் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டுத் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை. 500, அதாவது சர்வருக்குள் கோளாறு.

இந்த முதல் சிக்கல் அனுமதிச் சிக்கலே இல்லை. ஆனாலும் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்புப் பிளகினை வைத்திருக்கும் வேர்ட்பிரஸ் தளத்தை இடம் மாற்றும் யாருக்கும் இது வரும், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிளகினின் ஃபயர்வால், வேர்ட்பிரஸ் கண்விழிப்பதற்கு முன்பே ஓட வேண்டும். அதற்காகத் தளத்தின் மேல் ஃபோல்டரில் 'புள்ளி யூசர் புள்ளி ஐஎன்ஐ' என்ற ஃபைலில் ஒரு வரி எழுதி வைக்கும்: எந்தப் பக்கம் திறந்தாலும் முதலில் இந்த ஃபயர்வால் ஃபைலைப் படி, பிறகு மற்றது. அந்த வரியில் ஃபைலின் முழுப் பாதையும் இருக்கும். சர்வர் மாறியதும் பாதை மாறிவிட்டது, வரி மாறவில்லை. இல்லாத வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டி, திறக்காததால், வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஎச்பி அங்கேயே விழுந்துவிடுகிறது. எரர் லாகில் பழைய பாதை பளிச்சென்று இருந்தது.

ஃபைலின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தேடிப் பிடித்துப் பாதையைத் திருத்தினேன். திறந்தால் மறுபடியும் 500. பதறிப்போய் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன், வெப்சர்வருக்கான அமைப்பு ஃபைலான ஹெச்டிஆக்சஸ்ஸைத் தூக்கினேன். திடீரென்று தளம் தானாகவே எழுந்து உட்கார்ந்தது. எதனால் எழுந்தது? நான் பதறிச் செய்த எதனாலும் இல்லை. பிஎச்பி அந்த ஐஎன்ஐ ஃபைலை ஒவ்வொரு தடவையும் படிக்காது. வழக்கமான அமைப்பில் 300 நொடிக்கு ஒருமுறைதான் புதுசாகப் பார்க்கும். திருத்திவிட்டு ஐந்து நிமிஷம் காபி குடித்திருந்தால் போதும், அல்லது பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மை ஒரு ரீஸ்டார்ட் செய்திருக்கலாம். நான் அந்த ஐந்து நிமிஷத்தில் கலைத்ததைத் திரும்ப அடுக்க அரை மணி நேரம் ஆனது.

சரி, அட்மினுக்குள் போனேன். மேலே சிவப்புப் பட்டை. ஃபயர்வால் ஓட முடியவில்லை, அதன் அமைப்பு ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கின்றன அல்லது வெப்சர்வரால் அவற்றைத் தொட முடியவில்லை, அனுமதியைச் சரிபார்க்கவும் என்று.

அனுமதி என்று கண்ணில் பட்டதும் கை தானாக, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைப் போட்டது. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. எல்லோரும் சொல்கிற எண். தளம் முழுக்க அடித்தேன். பட்டை அசையவில்லை. ஃபயர்வால் தன் கணக்கு வழக்கை எழுதி வைப்பது டபிள்யூபி-கன்டென்டுக்குள் டபிள்யூஎஃப்லாக்ஸ் என்ற ஃபோல்டரில். அதற்கு மட்டும் 775 போட்டேன். அசையவில்லை. மணி ஒன்றரை. 777 போட்டேன். பட்டை மறைந்தது. படுத்துவிட்டேன்.

777 தப்பு என்று தெரியாதவன் இல்லை நான். தெரிந்தேதான் போட்டேன், காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்த ஃபோல்டரில் இருப்பவை வெறும் பதிவேடுகள் அல்ல. எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகள் பிஎச்பி ஃபைலாகவே அங்கே இருக்கின்றன, ஃபயர்வால் அவற்றை உள்ளே இழுத்து ஓட்டுகிறது. அதை சர்வரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால், மற்ற மூன்று தளங்களில் ஏதாவது ஒன்றில் திருடன் புகுந்தால் போதும், காவல்காரனின் நோட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். கடைக்காரரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவது.

"தம்பி, போட்டோ ஏற மாட்டேங்குது. அப்புறம் ஏதோ அப்டேட்டுன்னு வந்துச்சு, அமுக்குனேன், எஃப்டிபி பாஸ்வேர்டு கேக்குது."

"நீங்க ஒண்ணும் போடாதீங்கண்ணே."

"ஜிமெயில் பாஸ்வேர்டு போட்டுப் பாத்துட்டேன். வாங்கல."

முதல் வேலையாக ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். பிறகு அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மூன்றடி விளக்கு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நிறுத்தி போட்டோ எடுத்திருக்கிறார். அதை ஏற்றப் போனால், மாத ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை, தாய் ஃபோல்டரில் சர்வரால் எழுத முடியுமா என்று வேர்ட்பிரஸ் கேட்கிறது. ஃபயர்வால் எழுத முடியவில்லை, போட்டோ எழுத முடியவில்லை, அப்டேட் எழுத முடியவில்லை. மூன்றும் வேறு வேறு நோய் இல்லை. ராத்திரியே இதை யோசித்திருக்க வேண்டும். கார்த்திகை ஒன்றாம் தேதி, முடவன் முழுக்கு. கடைமுழுக்குக்குத் தாமதமாக வந்தவனுக்கும் ஒரு நாள் உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டு டெர்மினலைத் திறந்தேன்.

எல்எஸ் போட்டு நீளப் பட்டியல் எடுத்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் சொந்தக்காரர் பெயர் வரும். எனக்கு வந்தது பெயர் இல்லை, எண். 1247. தளத்தின் அத்தனை ஃபைலுக்கும் அதே 1247. யார் இந்த 1247? பழைய சர்வரில் என் கணக்கின் எண். ரூட்டாக இருந்துகொண்டு 'ஏ' போட்டு ஆர்சிங்க் செய்தால் அது சொந்தக்காரரையும் சேர்த்தே கொண்டுவரும். அதே பெயரில் இங்கே ஆள் இருந்தால் அவர் பேரில் எழுதும், இல்லாவிட்டால் பழைய எண்ணையே எழுதிவிட்டுப் போய்விடும். புது சர்வரில் 1247 என்று யாரும் கிடையாது. வெப்சைட்டை ஓட்டும் பிஎச்பி இங்கே ட்ரிபிள் டபிள்யூ டேட்டா என்ற பெயரில் ஓடுகிறது. அதற்கு இந்த ஃபைல்கள் எல்லாம் ஊரார் சொத்து.

"என்ன தம்பி ஆச்சு?" என்று அண்ணன் பத்து மணிக்கு மறுபடியும் கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்: "நெலத்த வாங்கிட்டோம்ணே. பட்டா இன்னும் பழைய ஆள் பேருலயே இருக்கு."

"அப்ப சொசைட்டில கடன் குடுக்க மாட்டானே" என்றார். அதேதான்.

இந்த எண்களை நான் வருஷக்கணக்கில் மந்திரம் மாதிரி போட்டு வந்திருக்கிறேன். படிக்க 4, எழுத 2, நுழைய அல்லது ஓட்ட 1. கூட்டினால் 7. நாச்சியார்கோயில்காரர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல: கோயிலின் கல் கருடனை சன்னதியில் 4 பேர் தூக்குவார்கள், அப்புறம் வெளியே வர வர 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 755-இல் முதல் 7 சொந்தக்காரருக்கு, நடு 5 குழுவுக்கு, கடைசி 5 மற்றவர்களுக்கு. எண் சரிதான். ஆனால் அந்த 7 யாருக்குப் போகிறது என்பதை எண் சொல்லாது. என் சர்வரில் அது இல்லாத ஓர் ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிஎச்பிக்குக் கிடைத்தது கடைசி 5, அதாவது படிக்கலாம், நுழையலாம், எழுதக் கூடாது. 775 போட்டும் வேலைக்கு ஆகாததற்குக் காரணம் இதுவே. நடுவில் ஏற்றிக் கொடுத்தேன், ஆனால் குழுவும் 1247-தான். 777 போட்டபோது மட்டும் வேலை செய்தது, ஏனென்றால் அப்போது மற்றவர்களுக்கும் 7.

பழைய இடத்தில் இந்தத் தொல்லையே வந்ததில்லை. அங்கே ஒவ்வொரு கணக்கின் பிஎச்பியும் அந்தக் கணக்கின் பெயரிலேயே ஓடியது. சொந்தக்காரரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆள். அதனால் ஆறு வருஷமாக நான் சொந்தக்காரர் பத்தியைப் பார்த்ததே இல்லை.

எஃப்டிபி கேட்டதும் இதனால்தான். வேர்ட்பிரஸ் அப்டேட் செய்வதற்கு முன் ஒரு தற்காலிக ஃபைலை எழுதிப் பார்க்கும். அதன் சொந்தக்காரரும் தன் ஃபைல்களின் சொந்தக்காரரும் ஒருவரே என்றால் நேரடியாக எழுதும். இல்லாவிட்டால், எஃப்டிபி வழியாக உள்ளே போகிறேன், சாவியைக் கொடு என்று கேட்கும். கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்து 'நேரடியாகவே எழுது' என்று சொல்லிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் நிறைய உண்டு. அந்த வரி கேள்வியை நிறுத்தும், அனுமதியைத் தராது. பட்டா கேட்கிற தாசில்தாரை லீவில் அனுப்புகிற மாதிரி.

பட்டா மாற்ற இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் ட்ரிபிள் டபிள்யூ டேட்டா பேருக்கு, சொந்தக்காரரை மாற்றும் கட்டளையான சிஎச்ஓன் செய்யலாம். ஒரே ஒரு தளம் என்றால் அது போதும், நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் நாலு கடை ஒரே சாவியில் என்பது எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனி யூசர், அந்த யூசர் பெயரில் ஓடும் தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல், அதாவது தனி பிஎச்பி அணி என்று பிரித்தேன். விளக்குக் கடைக்கு ஒரு யூசர். ஃபைல்களை அவர் வீட்டுக்கே, அதாவது ஹோமுக்குக் கீழே நகர்த்தி, சொந்தக்காரரை மாற்றி, ஃபோல்டர் 755, ஃபைல் 644, கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கு மட்டும் 600. டபிள்யூஎஃப்லாக்ஸைத் திருத்தவில்லை. ராத்திரி முழுக்க 777-இல் கிடந்த ஃபோல்டரை எதற்கு நம்ப வேண்டும்? பெயரை மாற்றி ஓரமாக வைத்தேன். பிளகின் தானே புதுசாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

திறந்தேன். 403, அதாவது உள்ளே வர அனுமதி இல்லை. ஒரு பக்கம்கூட வரவில்லை.

வெப்சர்வரான அப்பாச்சியின் லாகில் இருந்த வரி இதுதான்: பாதையில் ஏதோ ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை. எந்தப் பகுதி என்று நேரடியாகச் சொல்லாது. கடைசி ஃபைலுக்கு 644 இருக்கிறது, அது இருக்கும் ஃபோல்டருக்கு 755 இருக்கிறது, பிறகென்ன? நம் பக்கத்து ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் திறந்தாயிற்று, கல்லணையில் பிரித்து வெண்ணாற்றில் விட்டாயிற்று, வயலுக்குப் போகும் வாய்க்காலும் தூர்வாரியாயிற்று. நடுவில் ஒரே ஒரு மதகு இறக்கிக் கிடந்தால் கடைமடையில் புழுதிதான் பறக்கும். வயலிலேயே நின்று மண்ணைக் கிளறிப் பயனில்லை, வாய்க்கால் கரையோடு மேலே நடக்க வேண்டும். அப்படி நடப்பதற்கு லினக்ஸில் நேம்ஐ என்று ஒரு கட்டளை உண்டு. முழுப் பாதையைக் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் சொந்தக்காரரையும் வரிசையாகக் காட்டும். இரண்டு வினாடியில் கிடைத்தது: யூசரின் ஹோம் ஃபோல்டர் 750.

உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து புது யூசரின் ஹோம் இப்படித்தான் பூட்டி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிஎச்பி அந்த யூசராக ஓடினாலும், வாசலில் நிற்கும் அப்பாச்சி இன்னும் ட்ரிபிள் டபிள்யூ டேட்டாதான். அதற்குக் கடைசி 0. ஹோமுக்கு மட்டும் 711 கொடுத்தேன். தாண்டிப் போகலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க முடியாது.

மறுபடியும் திறந்தேன். 500. சிரிப்புதான் வந்தது. இடம் மாற்றினேனே, ஐஎன்ஐயில் இருந்த பாதையை மறுபடியும் மாற்றவில்லை. இந்தத் தடவை திருத்திவிட்டு பிஎச்பியை ரீஸ்டார்ட் செய்தேன். வெகுநாள் முன்பே நிறுவிய தளமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ஐஎன்ஐ வரி சுட்டும் ஃபயர்வால் ஃபைலுக்குள்ளேயும் பழைய பாதை எழுதப்பட்டிருக்கலாம். அது எரர் காட்டாது. 'இருந்தால் ஓட்டு' என்றுதான் அதில் எழுதியிருக்கும், இல்லாததால் சத்தமில்லாமல் விட்டுவிடும். தளம் ஓடும், முழுக் காவல் இருக்காது. இப்போது நான் செய்வது, இடம் மாற்றுவதற்கு முன்பே பிளகினின் அமைப்பில் போய், அந்த ஐஎன்ஐ வரியை எழுதும் விரிவான பாதுகாப்பை நீக்கிவிடுவது, டபிள்யூஎஃப்லாக்ஸை நகலெடுக்காமல் விடுவது, புது இடத்தில் தளம் எழுந்து நின்ற பிறகு பாதுகாப்பைத் திரும்பப் போடுவது. ஐந்து நிமிஷ வேலை.

சிவப்புப் பட்டை போயிற்று. அண்ணனின் மூன்றடி விளக்கு ஏறியது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, வேர்ட்பிரஸ்ஸின் உள் கடிகாரம் வாசகர் வரும்போதுதான் ஓடுகிறது, அதை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சர்வர் கிரானுக்கு மாற்றினால் தளம் இன்னும் வேகமாக இருக்கும் என்று தோன்றியது. 15 நிமிஷத்துக்கு ஒருமுறை, வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ அதை ஓட்டட்டும். ரூட்டின் கிரானில் எழுதினேன். அந்தக் கருவியை ரூட்டாக ஓட்டினால் 'ஐயையோ' என்று உண்மையிலேயே அலறும். அலறாமலிருக்க ஒரு சுவிட்ச் உண்டு. அந்த சுவிட்சைப் போட்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. நவம்பர் கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டது. டெல்டா முழுக்க சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது, யாருக்கும் வெப்சைட் ஞாபகம் இல்லை. ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. டிசம்பர் 1, ஞாயிறு காலை, அண்ணன்.

"தம்பி, மறுபடியும் போட்டோ ஏறலை. நேத்து வரைக்கும் ஏறுச்சு."

நேற்று வரை ஏறியது என்றால் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? மாதம். வேர்ட்பிரஸ் போட்டோக்களை வருஷம், மாதம் என்று ஃபோல்டர் போட்டு வைக்கும். அப்லோட்ஸுக்குள் 2024-க்குள் பார்த்தேன். 11 என்ற ஃபோல்டர் விளக்குக் கடை யூசர் பேரில். 12 என்ற ஃபோல்டர் ரூட் பேரில். உருவான நேரம் நவம்பர் 30, 18:30. சர்வர் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் ஊர் நள்ளிரவு 12.

மாதம் பிறந்த அந்த நிமிஷம் கிரான் ஓடியிருக்கிறது. ஏதோ ஒரு பிளகின், அப்லோட்ஸ் ஃபோல்டர் எங்கே என்று கேட்டிருக்கிறது. வேர்ட்பிரஸ் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே அந்த மாத ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கியும் விடும். ஓட்டியது ரூட் என்பதால் சொந்தக்காரர் ரூட். பிஎச்பிக்கு மறுபடியும் கடைசி 5. கிரான் மட்டுமில்லை, டெர்மினலில் ரூட்டாக உட்கார்ந்து பிளகினை அப்டேட் செய்தாலும் இதே கதைதான். அந்தப் பிளகின் ஃபோல்டர் ரூட் பேருக்குப் போய்விடும், அதன்பிறகு அட்மினிலிருந்து அப்டேட் ஆகாது. அது பாதுகாப்புப் பிளகினாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிஎச்ஓன் ஒரு வரி. ரூட்டின் கிரானில் இருந்ததை அழித்து விளக்குக் கடை யூசரின் கிரானில் எழுதியது இன்னொரு வரி. அலறலை அடக்கும் சுவிட்சை எடுத்துவிட்டேன். அதன்பிறகு தளத்துக்குள், அந்த யூசர் பேரில் இல்லாத ஃபைல் ஏதாவது இருக்கிறதா என்று ஃபைண்ட் வைத்துத் தேடினேன். பதினாறு வந்தன, எல்லாம் நான் ரூட்டாகத் தொட்டவை. இப்போது அந்தத் தேடலை வாரம் ஒருமுறை ஓடவிட்டு, ஏதாவது வந்தால் எனக்கு மெயில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 13 சாயங்காலம் வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் பேர் போனில் வந்தது. எடுக்கவே பயம். ஆர்டர் எல்லாம் அனுப்பியாகிவிட்டதாம், வெப்சைட்டில் ஒரு குறையும் இல்லையாம்.

"அன்னிக்கு மாத்தச் சொன்னீல்ல தம்பி, ஜிமெயில் பாஸ்வேர்டு. அது என்னன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"